மார்க் ஷீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்
பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்த குரூப்?



குழுவின் சேமிப்புப் புத்தகத்தை நாம் எல்லோரும் படிக்கிறோம். சந்தா எவ்வளவு கட்டினோம், கடன் எவ்வளவு பாக்கி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பார்க்கிறோம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்காகூட பத்து ரூபாய் குறைந்தால் ஊக்குநரிடம் கேட்டுவிடுகிறார். ஆனால் நம்ம பிள்ளையின் மார்க் ஷீட் கைக்கு வந்தால் என்ன செய்கிறோம்? "பாஸா? மொத்தம் எவ்வளவு? எத்தனையாவது ரேங்க்?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுகிறோம்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்பதைப் பெரும்பாலும் சில நாட்களில் முடிவு செய்கிறோம். அந்த முடிவு பிள்ளையின் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் இந்தப் பாடத்தில் ரேங்க், சராசரி, கட் ஆஃப் என்ற மூன்றையும், எந்த குரூப் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்ப்போம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டால் போதும்.

1. ரேங்க் என்றால் என்ன?

ரேங்க் என்பது வரிசையில் நிற்கும் இடம். ரேஷன் கடையில் நாம் மூன்றாவதாக நிற்கிறோம் என்றால் நமக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று மட்டும்தான் தெரியும். கடையில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வகுப்பு ரேங்கும் அப்படித்தான். ஒரு வகுப்பில் 500-க்கு 390 வாங்கிய பிள்ளை முதல் ரேங்க். பக்கத்து ஊர்ப் பள்ளியில் 430 வாங்கிய பிள்ளை ஒன்பதாவது ரேங்க். இதில் யார் அதிகம் வாங்கியிருக்கிறார்? ஒன்பதாவது ரேங்க் பிள்ளைதான். ஆகவே "என் மகள் முதல் ரேங்க், கவலையில்லை" என்று இருந்துவிடக் கூடாது. "பத்தாவது ரேங்க்தானே" என்று பிள்ளையைத் திட்டவும் கூடாது. கல்லூரியில் சேர்க்கும்போது வகுப்பு ரேங்கை யாரும் கேட்பதில்லை. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதையும் தமிழக அரசு 2017-ல் நிறுத்திவிட்டது.

மேற்படிப்புக் கலந்தாய்வில் வரும் ரேங்க் வேறு. அது விண்ணப்பித்த எல்லோரையும் மார்க் வாரியாக நிறுத்தும் வரிசை. அங்கே 40,000-மாவது ரேங்க் என்றால் பயந்துவிடாதீர்கள். பொறியியலுக்கு விண்ணப்பிப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்; இடங்களும் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பொது ரேங்கோடு நம் சமூகப் பிரிவுக்குள் எத்தனையாவது இடம் என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம். பொதுப் பிரிவு 31 சதவீதம் என்பது முன்னேறிய சாதிக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எல்லோருக்கும் திறந்தது. மார்க் அதிகம் இருந்தால் எந்தப் பிரிவுப் பிள்ளையும் அதில் இடம் பெறலாம். அதற்கு மேல்தான் பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்று 69 சதவீத ஒதுக்கீடு.

2. சராசரி எதைக் காட்டும், எதை மறைக்கும்?

சராசரி எடுப்பது எளிது. பத்தாம் வகுப்பில் 5 பாடம், மொத்தம் 500. மொத்த மார்க்கை 5-ஆல் வகுத்தால் சராசரி. பிளஸ் டூவில் 6 பாடம், மொத்தம் 600. அங்கே 6-ஆல் வகுக்க வேண்டும்.

ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நம் குழுவுக்கு கிரேடிங் செய்ய வரும்போது சேமிப்புத் தொகையை மட்டுமா பார்க்கிறார்கள்? கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, உள்கடன் சுற்றுகிறதா, தவணை தவறாமல் வருகிறதா, ஏடுகள் எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். சேமிப்பு நிறைய இருந்தும் திருப்பிச் செலுத்துவதில் கோட்டைவிட்ட குழுவுக்கு வங்கி தயங்குகிறது. மார்க் ஷீட்டையும் அதே கண்ணோடு பாடம் பாடமாகப் பார்க்க வேண்டும். எந்தப் பாடத்தில் பிள்ளை நின்று பிடிக்கிறாள், எதில் சறுக்குகிறாள் என்பது அதில்தான் தெரியும்.

பிளஸ் டூ மார்க்கில் இன்னொரு விவரம். ஒவ்வொரு பாடத்திலும் 10 மார்க் அகமதிப்பீடு. அதில் வருகைப் பதிவுக்கும் மார்க் உண்டு. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. நாற்று நடவுக்கும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பெண் பிள்ளையை நிறுத்திவைக்கும் நாட்கள் இந்த மார்க்கிலும் குறையும், செய்முறை வகுப்பும் போகும்.

3. ஒரே மார்க் ஷீட், மூன்று கணக்கு

கட் ஆஃப் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடத்தை எண்ணுகிறார்கள் என்பதுதான் கட் ஆஃப் மார்க்கின் அடிப்படை. இரண்டு பிள்ளைகளின் பிளஸ் டூ மார்க்கை எடுத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நாங்கள் போட்ட எண்கள்.

மூத்தவள்: தமிழ் 95, ஆங்கிலம் 90, கணிதம் 70, இயற்பியல் 68, வேதியியல் 72, கணினி அறிவியல் 95. மொத்தம் 490.

இளையவள்: தமிழ் 72, ஆங்கிலம் 60, கணிதம் 90, இயற்பியல் 84, வேதியியல் 86, கணினி அறிவியல் 80. மொத்தம் 472.

வீட்டில் கேட்டால் மூத்தவள்தான் கெட்டிக்காரி என்போம். 18 மார்க் அதிகம். இப்போது கணக்கைப் பாருங்கள்.

முதல் கணக்கு, பொறியியல். கணிதம் 100-க்கு அப்படியே. இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200-க்கு. மூத்தவள்: 70 + 34 + 36 = 140. இளையவள்: 90 + 42 + 43 = 175. மொத்தத்தில் 18 குறைவாக வாங்கிய இளையவள் இங்கே 35 மார்க் முன்னால் நிற்கிறாள். இரண்டு பேர் ஒரே கட் ஆஃப் வாங்கினால் முதலில் கணித மார்க்கைப் பார்க்கிறார்கள், அடுத்து இயற்பியல். அதனால் கணிதத்தில் ஒரு மார்க் என்பது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது கணக்கு, அரசு கலை அறிவியல் கல்லூரி. தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களைக் கூட்டி 400-க்கு எடுக்கிறார்கள். மூத்தவள் 305, இளையவள் 340.

மூன்றாவது கணக்கு, அதே கல்லூரியில் பி.ஏ. தமிழ். இதற்குத் தமிழ் மார்க்கைத்தான் எடுக்கிறார்கள். மூத்தவள் 95, இளையவள் 72. ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க். அங்கே மூத்தவள் 90, இளையவள் 60.

ஆக, "மார்க் எவ்வளவு" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "எந்தப் படிப்புக்கு எவ்வளவு" என்று கேளுங்கள். மூத்தவளை அரும்பாடுபட்டுக் கடன் வாங்கித் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ப்பதைவிட, அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழோ ஆங்கிலமோ படிக்கவைத்து, பி.எட். முடித்து ஆசிரியை ஆக்குவது அவளுக்குப் பொருத்தமாக இருக்கலாம். அவளிடமும் கேட்க வேண்டும்.

4. எந்த குரூப், எந்த வாசல்?

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வழக்கமாக இருக்கும் குரூப்கள் இவை. எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருக்காது.

• கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்: வாசல்கள் அதிகம் திறந்திருக்கும் குரூப். பொறியியல், மருத்துவம், நர்சிங், விவசாயம், கலை அறிவியல் எல்லாவற்றுக்கும் போகலாம். சுமையும் அதிகம். கணிதத்தில் திணறும் பிள்ளையைப் பெருமைக்காக இதில் தள்ளக் கூடாது.

• கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல்: பொறியியல், கணினிப் படிப்புகளுக்கு நல்லது. உயிரியல் இல்லாததால் மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் போன்றவற்றுக்கு வழி இல்லை.

• இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்: நர்சிங், மருத்துவம் சார்ந்த படிப்புகள், கால்நடை, விவசாயம் ஆகியவற்றுக்கு ஏற்றது. கணிதம் இல்லாததால் பொறியியலில் பெரும்பாலான பிரிவுகளுக்குப் போக முடியாது. எம்.பி.பி.எஸ். படிக்க நீட் தேர்வும் எழுத வேண்டும்.

• வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றோடு கணினிப் பயன்பாடு அல்லது வணிகக் கணிதம்: பி.காம்., ஆடிட்டர் படிப்பு, வங்கி, அலுவலக வேலை. நம் குழுக் கணக்கை எழுதும் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை.

• வரலாறு, பொருளியல் முதலிய கலைப் பாடங்கள்: பி.ஏ., ஆசிரியர் பணி, அரசுத் தேர்வுகளுக்கு நல்ல அடித்தளம்.

• தொழிற்கல்வி குரூப்: விவசாயம், நர்சிங், ஆடை வடிவமைப்பு, மின் இயந்திரம் போன்றவை. "படிக்காத பிள்ளைகள் எடுப்பது" என்று ஒதுக்காதீர்கள். பொறியியல் சேர்க்கையிலும் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு.

எந்த குரூப் எடுத்தாலும் மூடாத வாசல்களும் உண்டு. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பிலிருந்தும் போகலாம். டிகிரி முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கித் தேர்வு எழுதலாம். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்.

பிளஸ் ஒன் போகாமல் பாலிடெக்னிக்கிலும் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ. அதை முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர முடியும்.

5. ஒரு உறுப்பினர் வீட்டில் நடந்தது

எங்கள் பகுதியில் ஒரு குழு உறுப்பினரின் மகள் பத்தாம் வகுப்பில் 412 வாங்கினாள். அறிவியலில் 91. சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் அந்த வருடம் அறிவியல் குரூப்பில் இடம் முடிந்துவிட்டது. இன்னொரு பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். "வயசுப் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது" என்று சித்தப்பா சொல்ல, வணிகவியல் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். பி.எஸ்சி. நர்சிங்குக்கு உயிரியல் வேண்டும் என்று அன்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து 600-க்கு 521 வாங்கினாள். அம்மா இனிப்பு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம் எழுதும்போதுதான் விஷயம் தெரிந்தது. 521 மார்க் இருந்தும் விண்ணப்பிக்கவே தகுதி இல்லை. இப்போது அந்தப் பெண் பி.காம். படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். "இரண்டு பஸ்ஸுதானே, நானே கூடப் போய் ஏத்தி விட்டிருப்பேன். யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருந்தா போதும்" என்று அந்த அம்மா சொன்னதைக் கேட்டபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை. இந்தப் பாடத்தை எழுத அதுவே காரணம்.

ஒரு குரூப்பில் சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால், பள்ளி திறந்த ஆரம்ப நாட்களிலேயே தலைமை ஆசிரியரிடம் சொல்லி மாற்றக் கேட்கலாம். நாள் ஆக ஆகக் கடினம்.

6. பள்ளியை மாற்றும் முன் யோசியுங்கள்

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வந்ததும் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ப்பது நம் ஊர்களில் அதிகமாகிறது. அதனால் என்னென்ன கைவிட்டுப் போகும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

• 7.5 சதவீத உள்ஒதுக்கீடு: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் கொண்டுவரப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது.

• புதுமைப் பெண் திட்டம்: 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேற்படிப்பு படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் திட்டம். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் 2024-25 முதல் விரிவாக்கப்பட்டது.

கடைசி இரண்டு வருடம் தனியார் பள்ளிக்குப் போனால் இந்த இரண்டுக்கும் உள்ள நிபந்தனை உடைகிறது. வட்டியும் கட்டி, உரிமையையும் இழக்கிறோம். சேருமுன் அந்த ஆண்டின் விதிகளைத் தலைமை ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி. 2018-ல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் தாண்டிவிடும் பள்ளிகள் இருந்தால் பெற்றோர் கேட்க வேண்டும். நீட் தேர்வில் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறது. கணிதத்திலும் இயற்பியலிலும் பிளஸ் ஒன் அடித்தளம் இல்லாமல் பிளஸ் டூ புரியாது.

7. தேர்ச்சி பெறாவிட்டால்?

ஒவ்வொரு பாடத்திலும் 35 வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. ஒரு பாடம் போய்விட்டால் உடனே கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதே வருடத்தில் துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேர்ச்சி பெற்று அந்த வருடமே மேலே சேரலாம். பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். அப்படிப் பேச்சு எழுந்தால் 1098 எண்ணுக்குச் சொல்லலாம். அதற்கு முன் குழுவாகச் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். உறுப்பினர்கள் பத்துப் பேர் போனால் பேச்சு மாறும்.

எதிர்பார்த்ததைவிட மார்க் மிகவும் குறைந்திருந்தால், பிளஸ் டூவில் விடைத்தாள் நகல் கேட்கலாம். பிறகு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். இதற்குத் தரும் நாட்கள் குறைவு. முடிவு வந்த அன்றே பள்ளியில் கேளுங்கள்.

8. எப்போது என்ன செய்வது?

• பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும்: மார்க்கைப் பாடம் பாடமாகப் பாருங்கள். பிள்ளைக்கு என்ன ஆசை என்று கேளுங்கள். அந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம் என்று ஆசிரியரிடம் எழுதி வாங்குங்கள்.

• தேர்வுக்கும் முடிவுக்கும் இடையில்: சுற்றியுள்ள பள்ளிகளில் எந்தெந்த குரூப் இருக்கிறது, அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் எடுத்துவையுங்கள்.

• முடிவு வந்ததும்: முதல் நாளே விண்ணப்பம் வாங்குங்கள். இடம் 10-ம் வகுப்பு மார்க்கையும் இட ஒதுக்கீட்டையும் வைத்து நிரம்பிவிடும்.

• பிளஸ் டூ படிக்கும்போது: பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு. வீட்டில் யாரும் இதுவரை பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகைக்கு அது வேண்டும்.

• கலந்தாய்வின்போது: "சீட் வாங்கித் தருகிறேன்" என்று வீட்டு வாசலுக்கு வரும் புரோக்கரிடம் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். அரசுக் கலந்தாய்வுக்கு இடைத்தரகர் தேவையே இல்லை.

9. இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. நம் குழுவில் 9, 10, 11, 12-ம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? பெயர், பள்ளி, விருப்பம் ஆகியவற்றைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

2. ஒரு உறுப்பினர் தன் பிள்ளையின் மார்க் ஷீட்டைக் கொண்டுவரட்டும். மேலே உள்ள மூன்று கணக்கையும் எல்லோரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் என்றால் கணிதம், அறிவியல், மொழி என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

3. ஒரே பள்ளிக்குத் தூரமாகப் போக வேண்டிய பெண் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அவர்களைச் சேர்த்து அனுப்ப என்ன வழி என்று பேசுங்கள். பஸ் நேரம் சரியில்லை என்றால் கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள்.

4. கல்விக்கு உள்கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம், பிள்ளை எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, அரசுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத் தீர்மானம் போடுங்கள்.

கணக்குப் போடும்போது சந்தேகம் வந்தால் உங்கள் ஊக்குநர் அல்லது பிரதிநிதி மூலம் எழுதி அனுப்புங்கள். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது மார்க் ஷீட்டின் நகலையும் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.